மாவட்டத்துக்குள் ஆக்சிஜனைப் பங்கிடுவது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்போருக்கு ஒரு வழிகாட்டி

பெருந்தொற்று உச்சத்தில் இருக்கும்போது மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் யாரோ ஒருவரிடம் “ஆக்சிஜனை இனி நீங்கள் பாருங்கள்” என்று ஒப்படைப்பார்கள். அவர் இளம் மருத்துவராக இருக்கலாம். மருந்துக் கிடங்கு அலுவலராகவோ வருவாய்த் துறையிலிருந்து வந்தவராகவோ இருக்கலாம். அன்று மாலையே தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கும். அந்த நாளுக்கு முன்பே படித்து வைத்துக்கொள்ள வேண்டியவை இங்கே.

இந்தியாவின் மருத்துவ ஆக்சிஜன் தேவை கோவிட் முதல் அலையின் உச்சத்தில் நாளொன்றுக்கு 3,095 டன். 2021 ஏப்ரல், மே மாதங்களில் அது 9,000 டன்னை நெருங்கியது. அப்போதும் நாட்டில் ஆக்சிஜன் உற்பத்தி நடந்துகொண்டுதான் இருந்தது. கிழக்கே ஜாம்ஷெட்பூர், ரூர்கேலா இரும்பாலைகளில் திரவ ஆக்சிஜன் இருக்க, டெல்லியில் நோயாளிகள் மூச்சுக்குத் தவித்தார்கள். டேங்கரும், சாலையில் செலவாகும் நேரமும், வந்ததை இறக்கி வைக்கத் தொட்டியும்தான் போதவில்லை. மாவட்டத்துக்குள்ளும் இதே கதைதான் சிறிய அளவில் நடக்கும். ஆகவே, கையிருப்பை மணிக்கணக்கில் எண்ணப் பழகுங்கள். “எண்பது சிலிண்டர் இருக்கிறது” என்று ஒரு மருத்துவமனை சொன்னால், “இப்போது ஓடும் வேகத்தில் எத்தனை மணி நேரத்துக்கு வரும்?” என்று கேளுங்கள். பங்கீட்டில் எடுக்கும் எல்லா முடிவும் அந்தப் பதிலை வைத்துத்தான்.

அளவுகளை முதலில் ஒன்றாக்குங்கள்

ஒரு மருத்துவமனை டன்னில் சொல்லும், இன்னொன்று கிலோலிட்டரில், மூன்றாவது சிலிண்டர் எண்ணிக்கையில். 2021-இல் டெல்லியின் ஆக்சிஜன் பயன்பாட்டைத் தணிக்கை செய்த குழுவே, சில மருத்துவமனைகளுக்குக் கிலோலிட்டருக்கும் டன்னுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று குறிப்பிட்டது. முதல் நாளே இந்த எண்களைச் சுவரில் ஒட்டுங்கள்:

டி டைப் சிலிண்டர் (ஜம்போ என்பது இதுதான்) = சுமார் 7,000 லிட்டர் வாயு, அதாவது 7 கன மீட்டர்.
பி டைப் சிலிண்டர் = சுமார் 1,500 லிட்டர்.
1 கிலோலிட்டர் திரவ ஆக்சிஜன் = 1.14 டன்.
1 டன் திரவம் = சுமார் 740 கன மீட்டர் வாயு = சுமார் 105 டி டைப் சிலிண்டர்.

740 என்ற எண் வெப்பநிலையைப் பொறுத்துச் சற்று மாறும். சில கையேடுகளில் 700 என்றும் சிலவற்றில் 770 என்றும் இருக்கும். எதையாவது ஒன்றை எடுத்து மாவட்டம் முழுதும் அதையே பயன்படுத்துங்கள். பாதி தீர்ந்த சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு என்று அறிய, சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை மானியில் காட்டும் அழுத்தத்தால் பெருக்க வேண்டும். டி டைப்பின் கொள்ளளவு 46.7 லிட்டர். மானி 100 பார் காட்டினால் மிச்சம் சுமார் 4,670 லிட்டர்.

தேவையைக் கணக்கிடுவது

படுக்கை எண்ணிக்கையைக் கேட்டு ஒதுக்கினால் கணக்கு நிச்சயம் தவறும். ஆக்சிஜனை இழுப்பது நோயாளியும் அவருக்குப் பொருத்திய கருவியும்தான். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 1 முதல் 5 லிட்டர், சாதாரண முகக்கவசத்தில் 5 முதல் 10, பை பொருத்திய என்.ஆர்.பி.எம். மாஸ்க்கில் 10 முதல் 15. எச்.எஃப்.என்.சி. எனும், மூக்குவழி அதிவேகமாகச் செலுத்தும் கருவி 60 லிட்டர் வரை இழுக்கும். அந்த ஒரு கருவி முழு வேகத்தில் ஓடினால் ஒரு ஜம்போ சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

விரிவான தகவல் வரும்வரை தோராயக் கணக்குக்கு மத்திய அரசின் வல்லுநர் குழு 2021-இல் பயன்படுத்திய வாய்ப்பாட்டை எடுத்துக்கொள்ளலாம்: தீவிர சிகிச்சைப் படுக்கை ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு 24 லிட்டர், மற்ற ஆக்சிஜன் படுக்கைகளில் பாதிக்கு மட்டும் 10 லிட்டர்.

40 ஐ.சி.யூ. படுக்கையும் 160 ஆக்சிஜன் படுக்கையும் உள்ள ஒரு மருத்துவமனையைப் பாருங்கள். ஐ.சி.யூ.வுக்கு 960 லிட்டர், மற்றவற்றில் பாதியான 80 படுக்கைக்கு 800 லிட்டர், ஆக நிமிடத்துக்கு 1,760 லிட்டர். ஒரு நாளில் 1,440 நிமிடங்கள். பெருக்கினால் சுமார் 2,534 கன மீட்டர். கசிவுக்கும் வீணாவதற்கும் 15 விழுக்காடு சேர்த்தால் ஏறக்குறைய 2,915 கன மீட்டர், அதாவது நாளுக்கு 4 டன். அங்கே 6 கிலோலிட்டர் தொட்டி இருக்கிறது என்றால் ஏட்டளவில் 41 மணி நேரம் வரும். ஆனால் தொட்டியை விளிம்புவரை நிரப்ப முடியாது, அடிமட்டம்வரை இறக்கவும் கூடாது. நடைமுறையில் 35 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சத்தில் அந்த “பாதி” என்ற அனுமானம் உடைந்துவிடும். சாதாரண வார்டில் எல்லாப் படுக்கையும் ஆக்சிஜன் கேட்கும், ஐ.சி.யூ.வில் இருபது பேர் எச்.எஃப்.என்.சி.யில் இருப்பார்கள். தேவை ஒரே வாரத்தில் இரட்டிப்பாகும். அதனால் வாய்ப்பாட்டைத் தொடக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டாம் நாளிலிருந்து உண்மையான ஓட்டத்துக்கு மாறுங்கள். ஒவ்வொரு வார்டிலும் ஃப்ளோமீட்டர்களில் (நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று காட்டும் மானி) உள்ள எண்களைக் கூட்டினாலே போதும், அரை மணி நேர வேலைதான்.

தினசரிப் படிவம்

படிவம் நீளமானால் யாரும் நிரப்ப மாட்டார்கள். கருவி வாரியாக நோயாளிகள், ஃப்ளோமீட்டர்களின் கூட்டுத்தொகை, தொட்டியின் அளவு, நிரம்பிய சிலிண்டர் (டி, பி தனித்தனியே), கடைசி வார்டின் குழாய் அழுத்தம், அடுத்த வரத்து எப்போது. இவ்வளவு கேட்டால் போதும். காலை 6, மதியம் 2, இரவு 10 என ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வாங்குங்கள். படிவத்தை நிரப்புபவரின் பெயரும் கைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எடுக்கக்கூடியவராக அவர் இருக்க வேண்டும். கண்காணிப்பாளரின் எண் அதற்கு உதவாது.

வந்த தகவலை அப்படியே நம்பிவிடாமல், கூட்டிய ஓட்டத்தின்படி எட்டு மணி நேரத்தில் எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, தொட்டி உண்மையில் எவ்வளவு இறங்கியது என்பதோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு 15 விழுக்காட்டைத் தாண்டினால் எங்கோ கசிகிறது, அல்லது எண் தவறு. பெரும்பாலும் கசிவு பெரிய குழாயில் இருக்காது. நோயாளி கழிப்பறைக்குப் போயிருப்பார், மூடாத ஃப்ளோமீட்டர் சுவரில் ஓடிக்கொண்டிருக்கும். ஈரப்பதக் குப்பியின் மூடி சரியாக இறுகியிருக்காது. பத்து லிட்டரில் திறந்து கிடக்கும் ஒரே ஒரு ஃப்ளோமீட்டர் ஒரு நாளில் இரண்டு ஜம்போ சிலிண்டரைக் காலி செய்துவிடும்.

மணி நேரத்தை வைத்துப் பங்கிடுதல்

மருத்துவமனைகளை மூன்று வகையாகப் பிரியுங்கள்: திரவத் தொட்டி உள்ளவை, சிலிண்டர்களை மேனிஃபோல்டு எனும் இணைப்புக் குழாயில் கோத்து வார்டுக்குக் குழாய்வழி கொடுப்பவை, படுக்கையருகே தனிச் சிலிண்டர் வைக்கும் சிறிய நர்சிங் ஹோம்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் வேண்டும். கையிருப்பு எத்தனை மணி நேரம்? மறுவரத்து வந்து சேர எத்தனை மணி நேரம்? இரண்டாவதில் டேங்கர் நிரம்பக் காத்திருப்பது, பயணம், இறக்குவது, வழியில் ஆகும் தாமதம் எல்லாம் அடங்கும்.

கையிருப்பு மறுவரத்து நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் பச்சை. ஒன்றரை மடங்குக்கு இறங்கினால் மஞ்சள். அப்போதே ஆர்டர் உறுதியாகி வண்டி எண் கைக்கு வந்திருக்க வேண்டும். மறுவரத்து நேரத்துக்குச் சமமாகிவிட்டால் சிவப்பு; மாவட்டச் சேமிப்பிலிருந்து உடனே அனுப்ப வேண்டும், புதிய நோயாளிகளை வேறிடத்துக்குத் திருப்ப வேண்டும். எல்லோருக்கும் “12 மணி நேரம்” என்று ஒரே எல்லை வகுத்தால், ஆலைக்குப் பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்கு அது தாராளமாகவும், மலையடிவாரத்தில் இருப்பதற்கு ஆபத்தாகவும் அமையும்.

வரத்தில் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டை யாருக்கும் ஒதுக்காமல் ஒரே இடத்தில் வைத்திருங்கள். அதைத் திறக்கும் விதி எழுத்தில் இருக்கட்டும்: குறைந்த மணி நேரம் கொண்ட மருத்துவமனைக்கு முதலில், இருவர் சமநிலையில் இருந்தால், நோயாளிகளை வேறெங்கும் மாற்ற வழியில்லாத இடத்துக்கு. யார் சத்தமாகக் கேட்டார்கள், யார் மூலமாகக் கேட்டார்கள் என்பதற்கு அந்த விதியில் இடமே இருக்கக் கூடாது. சேமிப்பிலிருந்து போகும் ஒவ்வொரு சிலிண்டரும் நேரத்துடனும் காரணத்துடனும் பதிவேட்டில் ஏறட்டும். பதிவேட்டை எல்லா மருத்துவமனைகளும் பார்க்கும்படி வையுங்கள். மறைத்து வைத்தால் அடுத்த நாளே ஒவ்வொருவரும் தேவையைக் கூட்டிச் சொல்லத் தொடங்குவார்கள். அதன்பின் உங்கள் கையில் உண்மையான எண் ஒன்றுகூட மிஞ்சாது.

சிறிய நர்சிங் ஹோம்கள்தான் எப்போதும் விடுபடும். 12 நோயாளிகள் சராசரியாக 8 லிட்டர் இழுத்தால் நாளுக்கு 20 ஜம்போ சிலிண்டர் வேண்டும். நிரப்பு நிலையத்துக்குப் போய்வர ஒரு நாள் ஆகிறதென்றால், ஓட்டத்தில் 20, வழியில் 20, கையிருப்பில் 20 என 60 சிலிண்டர் அவர்களிடம் சுழல வேண்டும். அவ்வளவு அவர்களிடம் இருக்காது. இருக்கும் பதினைந்தை ஒரு வேனில் ஏற்றி, நிரப்பு நிலைய வாசலில் நாள் முழுதும் வரிசையில் நிற்பார்கள். தாலுகாவுக்கு ஒரு மாற்று மையம் திறந்து, காலிக்குப் பதில் நிரம்பியதை உடனே கொடுத்தனுப்புங்கள். காலிகளை மொத்தமாக லாரியில் ஏற்றி நிரப்பிக் கொண்டுவருவது மையத்தின் வேலை. சிலிண்டர் எண்ணிக்கை கூடாமலேயே சுழற்சி வேகம் கூடும்.

டேங்கரும் தொட்டியும்

தமிழ்நாட்டுக்கு 2021-இல் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் பாலக்காடு அருகே கஞ்சிக்கோட்டிலிருந்தும் திரவ ஆக்சிஜன் வந்தது. மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ மையம் கொடுத்தது. உச்ச நீதிமன்ற அனுமதியுடன் தூத்துக்குடி ஸ்டெர்லைட் வளாகத்திலும் தயாரானது. மே மாதம் துர்காப்பூரிலிருந்து ரயிலில் தண்டையார்பேட்டைக்கு 80 டன் வந்து இறங்கியது. உங்கள் மாவட்டத்துக்கு மூலம் எது, மாற்று எது என்ற பட்டியல் முன்கூட்டியே தயாராகட்டும். ஒரே ஆலையை நம்பியிருந்தால், அங்கே கம்ப்ரசர் நின்றாலே உங்கள் திட்டம் முழுதும் நின்றுவிடும். வண்டி மாநில எல்லையைத் தாண்டி வருவதாக இருந்தால் எல்லைச் சோதனைச் சாவடிக்கு முன்கூட்டியே தகவல் போக வேண்டும். 2021 ஏப்ரலில் மாநிலங்கள் டேங்கர்களை மறித்ததால்தான், 22-ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் அதைத் தடுத்து உத்தரவிட வேண்டியிருந்தது.

டேங்கர் வருவதற்குள் ஒரு முறை நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை: வாயிலின் அகலம், வண்டி திரும்ப இடம், தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, இரவு வெளிச்சம், தொட்டியின் இணைப்பு வாய் அந்த நிறுவனத்து ஹோஸுக்குப் பொருந்துமா என்பது. இணைப்பு பொருந்தாமல் நிரம்பிய வண்டி வாசலில் காத்து நிற்பது, யாரும் எதிர்பாராமல் நடக்கும் தாமதம். இறக்கும் இடம் கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும். தார்ச் சாலையில் திரவ ஆக்சிஜன் சிந்தினால் தாரோடு சேர்ந்து வெடிக்கும் தன்மை பெறும். அதன் மேல் கால் வைப்பதுகூட ஆபத்து.

தொட்டி நிரம்பியிருந்தும் வார்டில் அழுத்தம் விழுகிறது என்று புகார் வந்தால், வேப்பரைசரைப் போய்ப் பாருங்கள். மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் திரவத்தைக் காற்றின் வெப்பத்தால் வாயுவாக்கும் அலுமினியத் துடுப்புகள் அவை. திறனுக்கு மேல் இழுத்தால் தடித்த பனி மூடி, வாயு வரத்து குறையும். மேலே கணக்கிட்ட மருத்துவமனைக்கு மணிக்கு 105 கன மீட்டருக்கு மேல் வேண்டும். மணிக்கு 50 கன மீட்டர் வேப்பரைசர் அங்கே இருந்தால், எத்தனை டன் அனுப்பினாலும் நோயாளிக்குப் போய்ச் சேராது. இரண்டு வேப்பரைசர்களை மாறி மாறி ஓட்டுவதும், பனி மேல் தண்ணீர் பாய்ச்சுவதும் தற்காலிகத் தீர்வு. பழைய மெல்லிய குழாய்களாலும் இதே நிலை வரும். குழாயின் கடைசி முனையில் உள்ள வார்டில் முதலில் தெரியும் என்பதால்தான் படிவத்தில் அந்த வார்டின் அழுத்தத்தைக் கேட்கிறோம்.

தொட்டியில் கை வைக்கும் எந்த நேரத்திலும், அதாவது நிரப்பும்போதோ வால்வைச் சரிசெய்யும்போதோ, சிலிண்டர் மேனிஃபோல்டு நிரம்பித் தயாராக இருக்க வேண்டும். அதைத் திருப்பத் தெரிந்த டெக்னீசியன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். 2021 ஏப்ரல் 21 அன்று நாசிக்கின் ஜாகிர் ஹுசேன் மருத்துவமனையில் தொட்டி கசிந்து வரத்து தடைபட்டபோது, இருபதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். அப்படி வரத்து தடைபடும் நேரத்துக்கான மாற்று ஏற்பாட்டை ஒவ்வொரு மருத்துவமனையிலும் நீங்களே நேரில் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

பிளான்ட்டும் கான்சென்ட்ரேட்டரும்

நிமிடத்துக்கு 1,000 லிட்டர் தரும் பி.எஸ்.ஏ. பிளான்ட் ஒரு நாளில் ஏறக்குறைய 205 ஜம்போ சிலிண்டருக்குச் சமம். காற்றிலுள்ள நைட்ரஜனை ஜியோலைட் எனும் நுண்துளைத் தாதுவில் பிடித்து 93 விழுக்காடு தூய்மையுள்ள ஆக்சிஜனை அது தரும். மின்சாரம் போனால் நின்றுவிடும், ஆகவே ஜெனரேட்டர் இல்லாத பிளான்ட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் இல்லாமல் அதிலிருந்து சிலிண்டரும் நிரப்ப முடியாது. இன்னொரு சிக்கல்: பிளான்ட்டும் திரவத் தொட்டியும் ஒரே குழாயில் சேரும்போது, எதன் அழுத்தம் அதிகமோ அதுவே முதலில் ஓடும். தொட்டியின் ரெகுலேட்டர் சற்று உயர்வாக இருந்தால் பிளான்ட் சும்மா நிற்கும், விலைமதிப்பற்ற திரவம் கரையும். தொட்டியின் அழுத்தத்தைப் பிளான்ட்டைவிடச் சற்றுக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.

கான்சென்ட்ரேட்டர் என்பது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் சிறு கருவி; அதை ஐ.சி.யூ.வுக்கு அனுப்புவதில் பயனில்லை. வென்டிலேட்டருக்கு அது போதாது. 5 லிட்டர் வரை மட்டும் தேவைப்படும் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தால் குழாயில் இடம் கிடைக்கும். நிமிடத்துக்கு 4 லிட்டரில் இருக்கும் 60 பேரை அதற்கு மாற்றினால் நாளுக்கு 49 ஜம்போ சிலிண்டர் மிச்சமாகும். நன்கொடையாக வருபவற்றைத் தூய்மை மானியால் சோதித்த பிறகே வார்டுக்கு விடுங்கள்.

வார்டிலேயே மிச்சப்படுத்துவது

வரத்தைக் கூட்ட நாட்கள் ஆகும், செலவைக் குறைப்பதை இன்றே தொடங்கலாம். மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டம் இரண்டாம் அலைக்கு முன்பே பிளான்ட்களை அமைத்ததோடு, ஓட்டத்தைக் கண்காணிப்பதற்கென்றே “ஆக்சிஜன் செவிலியர்” என ஒருவரை வார்டில் நிறுத்தியது. அவர் ஒவ்வொரு படுக்கையாகப் போய் ரத்த ஆக்சிஜன் அளவைப் பார்ப்பார். கோவிட் சிகிச்சையில் இலக்கு 92 முதல் 96 விழுக்காடு; நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு 88 முதல் 92. யாருக்காவது 99 காட்டினால் அவருக்குத் தேவைக்கு மேல் போகிறது என்று பொருள். மருத்துவர் ஒப்புதலுடன் ஓட்டத்தைக் குறைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 80 பேருக்கு 10 லிட்டரை 8 ஆக்கினாலே நாளுக்கு 33 ஜம்போ சிலிண்டர் மிஞ்சும். குப்புறப் படுக்க வைப்பதும் பலருக்குத் தேவையைக் குறைக்கும். எச்.எஃப்.என்.சி.யில் 60 லிட்டர் வேகத்தை மாற்றாமலேயே ஆக்சிஜன் செறிவை 100-லிருந்து 60 விழுக்காட்டுக்கு இறக்கினால், உண்மையில் செலவாகும் ஆக்சிஜன் சுமார் 30 லிட்டராகிவிடும்.

தீயைப் பற்றி வார்டுப் பணியாளர்களிடம் தினமும் பேசுங்கள். ஆக்சிஜன் சூழ்ந்த காற்றில் சிறு பொறியும் பெருந்தீயாகும். பாக்தாதின் இப்னு அல்-கத்தீப் மருத்துவமனையில் 2021 ஏப்ரலில் சிலிண்டர்கள் வெடித்த தீ, எண்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஜன்னல் திறந்திருக்கட்டும், சிலிண்டரைச் சங்கிலியால் கட்டுங்கள், வால்வில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது.

எல்லாம் செய்தும் போதவில்லை என்றால்

நோயாளிகளை இடம் மாற்றும் முடிவைத் தாமதிக்காதீர்கள். 2021 ஏப்ரல் 16-17 இரவில் மும்பை மாநகராட்சி, ஆக்சிஜன் தீரும் நிலையில் இருந்த ஆறு மருத்துவமனைகளிலிருந்து 168 பேரை வேறிடங்களுக்கு மாற்றியது. தீர்ந்த பிறகு அது முடியாது. கையிருப்பு ஆறு மணி நேரம், வரும் வண்டி இன்னும் கிளம்பவில்லை என்றால், இடமாற்றத்தைத் தொடங்கிவிடுங்கள். வழியில் ஆகும் செலவையும் கணக்கிடுங்கள்: இரண்டு மணி நேரப் பயணம், நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால் 1,800 லிட்டர். ஒரு பி டைப் போதாது. பயண நேரத்தைப் போல இரு மடங்குக்கு எடுத்துக்கொண்டு, மூன்று பி டைப் ஏற்றுங்கள். இறங்கும் இடத்தில் படுக்கை கிடைக்கும்வரை ஆம்புலன்ஸிலேயே காத்திருக்க நேரலாம்.

யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்ற நிலையே வந்தால், அதைச் சிகிச்சை தரும் மருத்துவரின் தோளில் விடாதீர்கள். மருத்துவமனைக்கு மூவர் குழு ஒன்றை உச்சம் வருவதற்கு முன்பே அமையுங்கள். அந்த நோயாளிகளுக்குச் சிகிச்சை தராத மூத்த மருத்துவர் ஒருவர், செவிலியர் ஒருவர், வெளியார் ஒருவர். இந்தச் சிகிச்சையால் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதே அளவுகோல். வயதை மட்டும் வைத்தோ, ஊனத்தை வைத்தோ, பணம், சாதி, சிபாரிசு பார்த்தோ ஒருவரையும் தள்ளவோ முன்னால் கொண்டுவரவோ கூடாது. முடிவை எழுத்தில் வையுங்கள், நிலைமை மாறியதும் மறுபரிசீலனை செய்யுங்கள், குடும்பத்தாரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். ஆக்சிஜன் குறைத்தவர்களுக்கும் மூச்சுத்திணறலின் வேதனையைத் தணிக்கும் மருந்தும் பக்கத்தில் ஒரு ஆளும் கட்டாயம் கிடைக்க வேண்டும்.

அலை ஓய்ந்த பிறகு

2021 முதல் மாவட்டத்துக்கு மாவட்டம் அமைத்த பிளான்ட்கள் ஓடாமல் கிடந்தால் ஜியோலைட் ஈரம் ஏறிக் கெடும். வாரம் ஒரு முறையாவது ஓட்டி, தூய்மை 90-க்குக் கீழே இறங்கவில்லை என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வேலை நாளில், தொட்டியிலிருந்து மேனிஃபோல்டுக்கு மாற்றும் ஒத்திகை நடத்துங்கள். மாற்ற எத்தனை நிமிடம் ஆனது, எந்த வார்டில் அலாரம் ஒலிக்கவில்லை, இரவு ஷிஃப்ட்டில் அதைச் செய்யத் தெரிந்தவர் யார் என்ற மூன்றையும் எழுதி, கட்டுப்பாட்டு அறைக் கோப்பில் சேருங்கள்.